சவக்கதவு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஸ்கார் பண்ணைவீட்டின் அதிபரும், வட்டார வரலாற்றுக் கழகத்தின் ஆயுள் தலைவருமான திருவாளர் அம்புரோஸ் மெட்காஃப் இன்று காலை, தம் மூதாதையர் வழக்கப்படியே, கூரையிலிருந்து இறங்குவார்.

கழகத்தார் கூடத்துக் கல்தரையில் கேமராவோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்திரங்களுக்கு நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக் கதவு. மாடிப்படி, சுவருக்குள் சுருண்டு இறங்கும் கல்படி. அதில் சவப்பெட்டி இறங்காது. அதனால் இந்த வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் இந்தச் சவக்கதவு வழியாகக் கயிற்றில்தான் இறங்கினார்கள் என்று அம்புரோஸ் காலமெல்லாம் சொல்லிவந்தார். சொன்னவர் தலைவர் என்பதால் யாரும் படியை அளந்து பார்க்கவில்லை.

வீட்டில் ஹீட்டர் வைக்க அவர் விட்டதில்லை. ஈரச் சுவருக்குப் பூச்சும் கூடாது. "கல்லு மூச்சு விடணும்" என்பார். கல் விட்டது. மூச்சு விட முடியாமல் போனது அவர் மனைவி ஈடித்துக்குத்தான். ஒரு பிப்ரவரியில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தாள். அவளையும் கயிறு கட்டித்தான் இறக்கினார். பெட்டி பாதியில் தொங்கும்போது, "கொஞ்சம் நிறுத்துங்க" என்று கழகத்தார் பக்கம் திரும்பி, "அந்த உத்திரத்தக் கவனிங்க, பழைய கப்பல் மரம்" என்றார். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருந்தவள் மகள் ஹெஸ்டர்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. இந்த மனுஷன் படி வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இடிபட்டுப் போக வேண்டும்.

மாடியில், அம்புரோஸின் சவப்பெட்டி அருகே, ஈமச்சடங்குக்காரர் அல்டர்சன் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அத வைங்க, மிஸ்டர் அல்டர்சன். படி வழியா எடுங்க" என்றாள் ஹெஸ்டர்.

"படியா? சாகுற வரைக்கும் கயிறு கயிறுன்னாரே கண்ணு, உங்கப்பா."

"இப்ப ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"கீழ அத்தன பேரும் மேலயே பாத்துட்டு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். கழுத்துக்கு நல்லது."

"பெட்டி இடிக்கும்மா."

"இடிக்கட்டும்."

அல்டர்சனும் அவர் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தூக்கினார்கள். ஹெஸ்டர் முன்னால், பெட்டியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினாள். ஒரு இடியையும் தவறவிடக் கூடாது.

"சாய்டா... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்."

சுவருக்கு அந்தப்பக்கம், கழகச் செயலாளர் மிஸஸ் ஃபாசெட்டின் குரல்: "ஆரம்பிச்சுட்டாங்களா? ஒண்ணும் அசையலயே!"

"ஷ்... மரியாதையா மேல பாருங்க."

படி சமையலறையில் முடிந்தது. பின்வாசலில் வண்டி நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு அல்டர்சன் கையைத் துடைத்துக்கொண்டார். வேர்வைகூட இல்லை.

"தாராளமான படிம்மா. உங்கம்மாவுக்கு எதுக்குக் கயிறு கட்டினாங்க?"

ஹெஸ்டர் வண்டி கிளம்பியதும் உள்ளே வந்து, படியேறி, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று சுவரைத் தடவிப் பார்த்தாள்.

பெட்டி எங்கேயும் இடித்திருக்கவில்லை.