கரைக்குப் போன கல்லறைக் கற்கள்

லுவார் ஆற்றில் வெள்ளம் நாள் கணக்காக ஏறிக்கொண்டே இருந்தது. சான்-தோர்வால் ஊருக்குக் கீழே, ஆறு திரும்பும் இடத்தில் கரை கசியத் தொடங்கியபோது மணல் மூட்டைகள் தீர்ந்துபோயிருந்தன. வீட்டுக் கதவுகளைக் கழற்றிப் போட்டார்கள். தேவாலயத்துப் பெஞ்சுகளைப் போட்டார்கள். தண்ணீர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனது. ஊரில் கனமாக மிஞ்சியிருந்தவை கல்லறைக் கற்கள்தான்.

அவற்றைப் பெயர்த்துக் கரையில் போடலாம் என்று மேயர் பொத்தியே சொன்னபோது கூட்டம் அசையவில்லை.

"முதல்ல உங்கப்பன் கல்லப் பேத்துட்டு வாங்க மேயரே, அப்புறம் எங்களக் கேளுங்க!" என்று கத்தினாள் ரொட்டிக்கடை சிதோனி.

மேயர் கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய்த் தன் அப்பாவின் கல்லையே முதலில் நெம்பினார். அதன்பிறகு ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குள் இறங்கினார்கள்.

ஊர்க்காரி மத்துரினின் மகள் கிளெமான்ஸ் போன குளிர்காலத்தில் தொண்டை அடைத்துச் செத்தவள். ஆறு வயசு. கல் நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மத்துரினின் புருஷன், படகோட்டி ஜெர்மான், மண்வெட்டியோடு அதன் முன்னால் நின்றான்.

"எவனாவது கை வச்சீங்க, வெட்டிப்புடுவேன்."

மத்துரின் தேவாலயத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஊர்க் குழந்தைகளெல்லாம் மணிக்கூண்டில் ஏற்றப்பட்டிருந்தார்கள். அவளுடைய கைக்குழந்தையும் அங்கேதான்.

"தள்ளு, ஜெர்மான்."

"உனக்குப் பைத்தியமாடி? நம்ம புள்ள!"

"மேல ஒருத்தன் உசிரோட இருக்கான். அவனும் நம்ம புள்ளதான்."

அவன் தள்ளவில்லை. அவள் மண்டியிட்டு வெறுங்கையால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் அவனும் ஓவென்று அழுதபடி மண்வெட்டியை மண்ணில் இறக்கினான். இரண்டு பேரும் கல்லைக் கரைக்குச் சுமந்தார்கள்.

கசிவு நின்றது. சிதோனி சிலுவை போட்டுக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள், ஊருக்கு மேற்புறத்தில் யாரும் காவல் நிற்காத கரை உடைந்தது.

தாழ்ந்த தெருவில் ஒரு வீடு மிஞ்சவில்லை. ஆனால் கற்கள் பிடித்து நிறுத்திய நேரத்துக்குள் எல்லோரையும் மேட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்; ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெள்ளம் வடிந்தபோது கல்லறைத் தோட்டம்தான் ஒரே மணல்வெளியாகியிருந்தது. எது யாருடைய குழி என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை.

"எங்கடி படுத்திருக்கா?" ஜெர்மான் மணலில் அங்குமிங்கும் நடந்தான். "சொல்லு, நீதானே தோண்டின?"

அவள் அடையாளத்துக்குத் தோட்டத்துச் சுவரைத் தேடினாள். சுவரும் இல்லை.

பாதிரியார் வந்து மொத்த மணலுக்கும் ஒரே தடவையாகத் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் மண்டியிட்டார்கள். ஜெர்மான் மட்டும் விறைத்து நின்றான். மத்துரின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நின்ற இடத்திலேயே, அவள் பக்கத்தில், முழங்கால் மடங்கி விழுந்தான்.