குடும்பத்தோடு பகிரட்டுமா

வெந்நீரில் நனைத்த துணியால் அக்காவின் வலது ஆள்காட்டி விரலைத் துடைத்து, லேப்டாப் கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த விரல்ரேகைச் சதுரத்தில் மூன்றாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தார் சித்தப்பா. சின்னவள் டீத் தட்டோடு கூடத்துக்குள் வந்தபோது திரை பளிச்சென்று திறந்துகொண்டது.

"பாத்தியா, திறந்துடுச்சு," என்றார். குரலில் வெற்றி தெரிந்துவிட்டதே என்று வெட்கப்பட்டவர்போல, அக்காவின் கையைப் பத்திரமாகப் போர்வைக்குள் திரும்ப வைத்தார். "சவப்பெட்டிக்கு முன்னாடி வைக்க ஒரு போட்டோ வேணும்ல. உங்கக்கா போட்டோ எல்லாம் இதுலதானே இருக்கு?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் சின்னவள். ஆனால் அந்த மெஷின் மூன்று வருடமாக இணையத்தின் வாடையே படாமல் இருப்பது. ஒரு போட்டோவைப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? "வேற எதையும் தொடாதீங்க சித்தப்பா," என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு இதெல்லாம் அத்துப்படி, நீ போம்மா."

அக்கா விடியற்காலை ஐந்தரைக்குப் பாத்ரூம் வாசலில் சரிந்தவள், டாக்டர் வருவதற்குள் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது. வக்கீல் ஆபீசில் பத்திரம் டைப் அடிக்கிற வேலை, மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து அடிப்பாள். யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தவள் சாவையும் அப்படியே முடித்துக்கொண்டாள் என்று எதிர்வீட்டு நர்ஸ் சொல்லி அழுதாள். நாலு மணிக்கு அடக்கம்.

சின்னவள் அக்காவின் நீலப் புடவையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டாள். தையல்காரிக்கு இஸ்திரி தண்ணீர் பட்ட பாடு. இன்றைக்கு ஒரு மடிப்பை நாலு முறை தேய்க்க வேண்டியிருந்தது. கடைசி மடிப்பில் இருந்தபோது கூடத்தில் டிங்கென்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று வருடமாகக் கேட்காத சத்தம். இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"ஸ்டுடியோக்காரன் போட்டோவை அனுப்பச் சொன்னான். நெட்டு இல்லையே இதுல? என் போன்லேர்ந்து குடுத்தேன்," என்றார் சித்தப்பா. "அப்பப்பா, என்னா கேள்வி கேக்குது. பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி. எல்லாத்துக்கும் சரினு போட்டுட்டேன். சரினு போட்டாத்தானே விடுது."

"என்ன கேட்டுச்சு சித்தப்பா?"

"அதை அப்டேட் பண்ணட்டுமா, இதைத் திறக்கட்டுமான்னு. அப்புறம் போட்டோவை எடுத்ததும் குடும்பத்தோட பகிரட்டுமான்னு கேட்டுச்சு. சாவு வீட்ல குடும்பத்துக்குச் சொல்லாம யாருக்குச் சொல்றது? சரின்னேன்."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். மீண்டும் வருக என்று இருந்தது. அதன் கீழே, உங்கள் குடும்பம்: இரண்டு பேர். ஒரு வட்டத்துக்குள் அவளுடைய பழைய படம். பக்கத்து வட்டத்தில் அவன், அவள் விட்டு வந்த புருஷன், குடும்பத் தலைவர் என்ற பட்டத்தோடு. மூன்று வருடத்தில் கொஞ்சம் பருத்திருந்தான்.

அது அவன் வாங்கி, அவன் பெயரில் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர். பகலில் அவள் யாருக்கு என்ன எழுதினாள் என்பதை அவன் சாயங்காலம் வரி பிசகாமல் ஒப்பிப்பான். ஒப்பித்த பிறகு அடிப்பான். அவளுடைய இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது. கிளம்பி வந்தபோது, தைக்கும் அளவுகளும் வரைந்த மாதிரிகளும் இதில் இருக்கின்றனவே என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவன் பெயரை எடுக்க அக்கா ஒரு வாரம் முட்டிப் பார்த்தாள். மொத்தத்தையும் அழிக்கப் பார்த்தாலும், குடும்பத் தலைவர் அனுமதி வேண்டும் என்றது மெஷின். கடைசியில் இணையத்தைத் துண்டித்து, கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, தன் விரலைப் பதிந்து வைத்துக்கொண்டாள். "இதை நெட்ல மட்டும் சேத்துடாத," என்றாள். சொந்தக்காரர்களிடம், தங்கை தையல் வேலைக்காக வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். சித்தப்பாவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

திரையில் ஒரு வரைபடம் இருந்தது. இந்தத் தெரு, இந்த வளைவு, இந்த வீட்டின் மேல் ஒரு பச்சைப் புள்ளி. பகிர்ந்த போட்டோவில் அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேல் கதவு எண் தெளிவாகத் தெரிந்தது. அடியில், பார்த்தார், பத்து ஐம்பத்தைந்து என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று.

அவன் இருக்கும் ஊரிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். சின்னவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எண்ண வேண்டிய அவசியமே இல்லாத கணக்கு.

சித்தப்பாவின் இணைப்பைத் துண்டித்தாள். எதிர்வீட்டு வைஃபையைத் தானே கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டது மெஷின். புதிதாக வந்த வசதி போலிருக்கிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் தேன் குரலில் பேசினாள்.

"இருப்பிடத்தைப் பகிர்றதை நிறுத்தலாம் மேடம். கோரிக்கை அனுப்புறேன். குடும்பத் தலைவருக்கு ஒரு அறிவிப்பு போகும். அவர் சரின்னு போட்டா உடனே நின்னுடும்."

"அவர்கிட்டேர்ந்துதாங்க நான் மறையணும்."

"அதுக்குத் தனியா ஆப்ஷன் இல்ல மேடம்," என்றாள் அந்தப் பெண். அவள் குரலும் இறங்கிவிட்டிருந்தது.

சின்னவள் சித்தப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மூன்று வருடமாக மூடி வைத்திருந்ததை மூன்று நிமிஷத்தில் சொன்னாள். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அது பாதியில் நின்றது. சித்தப்பா அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டு அவரே எழுந்தார்.

"நீ இப்பவே கிளம்பும்மா. நர்ஸம்மா ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல தங்க வைப்பாங்க. உங்கக்காவை நான் பாத்துக்கிறேன்."

போய்விடலாம். இரண்டு பை துணி, ஒரு தையல் மெஷின், அவ்வளவுதான் அவள் சொத்து. ஆனால் அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நள்ளிரவில் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றவளிடம் ஏன் என்றுகூடக் கேட்காமல் கதவைத் திறந்தவளை, யாரோ நாலு பேர் தூக்கிப் போகட்டும் என்று விட்டுவிட்டு ஓட முடியுமா? "அடக்கம் முடிஞ்சதும் போறேன்," என்றாள். சித்தப்பா விஷயத்தைச் சொல்ல, நர்ஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அவன் வந்தால் கூப்பிடுங்கள் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் அக்காவின் தலைமாட்டில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரைபடத்தில் அவனுக்கும் ஒரு புள்ளி இருந்தது. அவன் ஊரில், அவன் கடையில், அசையாமல் இருந்தது. வந்தவர்கள், பாவம், அக்கா படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் அக்காவின் முகம் இருந்தது. அதை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, ஒவ்வொரு முறையும் புள்ளியிடமே திரும்பினாள்.

பன்னிரண்டு மணிக்குப் புள்ளி அங்கேயே இருந்தது. பன்னிரண்டரைக்கும் இருந்தது. ஒருவேளை வரமாட்டானோ? ஒருவேளை இன்னொருத்தி வந்து, அவனுக்கு இவள் மறந்தே போயிருக்கலாம். அப்படி நினைத்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது. நர்ஸ் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி பார்த்தபோது அவனுடைய புள்ளியைக் காணவில்லை. குடும்பத் தலைவர் தன் இருப்பிடத்தை மறைத்திருக்கிறார் என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பொத்தானைத் தன் பக்கத்தில் தேடினாள். அவளுக்கு அது கொடுக்கப்படவில்லை.

எப்போது மறைத்தான்? இப்போதுதான் கிளம்புகிறானா, இல்லை, போனைக் கடையில் போட்டுவிட்டு அப்போதே கிளம்பிவிட்டானா? அவளால் தெரிந்துகொள்ள முடியவில்லை. கம்ப்யூட்டரை மூடிக் கட்டிலடியில் தள்ளினாள்.

சவ வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சித்தப்பா வாசல் கம்பிக் கதவோடு நின்றுவிட்டார். மடக்கிய குடையைத் தடி மாதிரி கையில் பிடித்திருந்தார். தலை நனைந்துகொண்டிருந்தது.

"நீங்க மண்ணு போட வேணாமா சித்தப்பா?"

"நீ போய்ப் போடு. நான் இங்க நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியை இறக்கினார்கள். கயிறுகள் உரசும் சத்தம் கேட்டது. "கடைசியா ஒரு தரம் பாத்துக்கோம்மா," என்று நர்ஸ் அவள் முழங்கையைப் பிடித்தாள். சின்னவள் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். வெளியே ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைந்து வந்தது. சித்தப்பா நடுவாசலுக்கு நகர்ந்து நின்றார். கார் மெல்லத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.

"போட்டாச்சும்மா, வா," என்றாள் நர்ஸ்.

சின்னவள் தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்குகளில் ஈர மண் ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடலாமா?" என்று கேட்டாள்.

"போடும்மா, அதுக்கென்ன."

குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள். அள்ளும்போதே தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டது.