ஏலக்காய் போடாத தேநீர்

அந்த வாரத்தில் பர்சானா போட்ட ஒன்பதாவது தேநீரும் வாஷ்பேசினில்தான் போய் முடிந்தது.

துளசியும் மிளகும் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு கரைத்து, ஒரு சொட்டுப் பால் விட்டு, பிஸ்மில்லா சொல்லி ஆற்றிக் கொடுத்த தேநீர். மருமகள் ஆலியா இரண்டு மடக்கு குடித்தாள். மூன்றாவது மடக்கில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். பர்சானா பின்னாலேயே போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். கை பட்டதும் ஆலியாவுக்கு இன்னொரு தடவை குமட்டியது.

"தொளசியும் ஆகலையா? நேத்து இஞ்சி ஆகல. முந்தாநாள் எலுமிச்சையும் ஆகல. இன்னும் என்னதான்டி போடுறது நானு?"

கேட்ட பிறகு அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஆலியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சூடா ஒரு கிளாஸ் டீ உள்ள தங்குனா போதும் மாமி. வேற ஒண்ணும் கேக்கல."

அவளுக்கு இது மூன்றாம் மாதம். கம்பத்திலிருந்து போடிக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோற்றைக் கண்டால் ஓடினாள், பிரெட்டைக் கண்டால் திரும்பிக்கொண்டாள். எடை நாற்பத்தொரு கிலோவுக்கு இறங்கிவிட்டது. வியாழக்கிழமை மறுபடியும் எடை பார்க்கும்போது இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்று செவ்வாய். மலையிலிருந்து இறங்கும் மார்கழிக் காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்து வீட்டையே நடுங்க வைத்தது. அந்தக் குளிரில் தேநீர் மேல் மட்டும்தான் அந்தப் பெண்ணுக்கு ஆசை இருந்தது. அந்த ஒரு ஆசையைக்கூட தன்னால் நிறைவேற்ற முடியவில்லையே என்பதுதான் பர்சானாவை வதைத்தது.

நர்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஏலக்காய் வாசம் இந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பத்து நாளைக்கு அதை நிறுத்துங்கள் என்று. பர்சானா அன்றைக்கே நிறுத்திவிட்டாள். அது சின்ன விஷயம் அல்ல. மகன் முபின் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவன். மலையில் சிறு தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி வந்து, வீட்டில் காம்பு கிள்ளி, நிறம் பார்த்துப் பிரித்து விற்கிறான். முன்னறையில் பதினோரு மூட்டை இருந்தது. பர்சானா முப்பது வருடமாகக் காய் பிரிக்கிறவள். ஏலக்காய் இல்லாத தேநீருக்கு அந்த வீட்டில் வெந்நீர் என்றுதான் பெயர்.

"எனக்கும் சேத்தாம்மா மசக்கை?" என்றான் முபின், தம்ளரைப் பார்த்தபடி. "எனக்காச்சும் ரெண்டு காய் தட்டிப் போடேன்."

"போடா. ஒம் பொண்டாட்டி குடிக்கிறதத்தான் நீயும் குடிக்கணும். அவ வாந்தி எடுக்குறா, நீ வாயையாச்சும் மூடு."

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. சிலமலையிலிருந்து பால் கொண்டுவரும் குருவம்மாள். பதினெட்டு வருடமாக அந்த வீட்டுக்கு அவள்தான் பால் ஊற்றுகிறாள். பர்சானா பாத்திரம் எடுக்காமல் வெறுங்கையோடு போய் நின்றாள்.

"குருவம்மா, இன்னையிலேருந்து பாலு வேணாம்."

"ஏன் பாயம்மா, ஊருக்குப் போறீகளா?"

"ஒம் பால்ல என்னமோ இருக்கு. பிள்ளைக்கு ஒரு வாய் டீ தங்க மாட்டேங்குது."

சொல்லும்போதே அது நியாயமில்லை என்று பர்சானாவுக்குத் தெரியும். எலுமிச்சைத் தேநீரில் பால் ஏது? ஆனாலும் ஒன்பது தேநீரின் எரிச்சலை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. எதிரில் நின்றவள் தலையில் இறக்கிவிட்டாள்.

குருவம்மாள் முகம் சுருங்கியது. மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கினாள். "எம் மாட்டுப் பால்ல என்ன இருக்கும்? மிச்ச டீ இருந்தா கொண்டாங்க. நானே குடிச்சுப் பாத்துட்டுப் போறேன்."

முபின் மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். குருவம்மாள் ஒரு வாய் குடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"நல்லா ஏலக்காயத் தட்டிப் போட்டுப்புட்டு, எம் பாலு மேல பழி சொல்றீகளே பாயம்மா!"

"யாரு போட்டா? அல்லா மேல சத்தியமா ஒரு காய் போடல!"

"போட்டிருக்கீங்க மாமி."

ஆலியா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பத்து நாளா போட்டுக்கிட்டுதான் இருக்கீங்க. உங்களால அத விட முடியலன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு பேசாமக் குடிச்சேன்."

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பர்சானாவைப் பொய்க்காரி என்கிறார்கள். அதில் ஒருத்தி, அந்தப் பொய்யை மாமியாரின் மரியாதைக்காக விழுங்கியதாகச் சொல்கிறாள். பர்சானா குருவம்மாளின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"மோந்து பாரு. எங்க இருக்கு ஏலக்காய், காட்டு!"

குருவம்மாள் தேயிலை டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "இருக்கு." கற்கண்டு ஜாடி. "இருக்கு." தண்ணீர்ப் பானை மேல் கட்டியிருந்த துணி. "இதுலயும் இருக்கு." தட்டில் கிடந்த துளசி இலைகளை எடுத்தவள், திரும்பிப் பர்சானாவின் கையை வாங்கி முகர்ந்தாள். பிறகு அவள் முந்தானையை.

"பாயம்மா, டீயில வேற ஏலக்காய் எதுக்கு? நீங்களே ஏலக்காயாத்தான் இருக்கீக."

முபின் சிரித்துவிட்டான். பர்சானா முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு அவனே தேயிலையை முகர்ந்து பார்த்து, "எனக்கு ஒரு வாசமும் தெரியலம்மா" என்றான்.

பர்சானா தன் விரல்களை மூக்கில் வைத்து இழுத்தாள். சோப்பு வாசம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. முப்பது வருடத்தில் அந்த வாசம் மூக்கை விட்டுப் போய், கையிலும் துணியிலும் சுவரிலும் மட்டும் தங்கிவிட்டிருந்தது.

குருவம்மாள் பால் ஊற்றாமலே போய்விட்டாள்.

அன்று முழுவதும் பர்சானா ஓயவில்லை. பானையைப் புளி போட்டுத் தேய்த்தாள். புதுத் தேயிலைப் பொட்டலம் வாங்கி வரச் சொன்னாள். கையை எலுமிச்சைத் தோலால் தோல் எரியும்வரை உரசினாள். சாயங்காலம் புதினா போட்டுப் பத்தாவது தேநீர். வாஷ்பேசின். முபின் கடையில் வாங்கி வந்ததைச் சேர்த்தால் பதினொன்று. அதில் கடைக்காரரே தாராளமாக ஏலக்காய் தட்டியிருந்தார். போடியில் போய் ஏலக்காய் இல்லாத தேநீர் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

புதன்கிழமை விடிகாலை தொழுதுவிட்டுக் கையேந்தியபோது பர்சானாவுக்கு வார்த்தை வரவில்லை. வேண்டாம் என்று தானே சொன்னதால் வாசலில் மொபெட் வரவில்லை. ஒருத்தியை நோகடித்துவிட்டு, அடுத்த நிமிடமே இறைவனிடம் எனக்கு இரங்கு என்று எப்படிக் கேட்பது? அவள் எழுந்து போனை எடுத்தாள்.

"குருவம்மா, தப்பு எம் மேலதான். பாலு மேல பழி போட்டது பெரிய தப்பு. மன்னிச்சுக்க."

"அது கெடக்கட்டும் பாயம்மா. பிள்ள குடிச்சதா?"

"இல்ல ஆத்தா." பர்சானா மூக்கை உறிஞ்சினாள்.

"அழுகாதீக. இன்னைக்கு பால் சோலி முடியவே நேரமாயிரும். நாளைக்கு வெரசா வர்றேன். நீங்க எதையும் தொடாதீக. அடுப்பைக்கூட."

வியாழக்கிழமை வெளிச்சம் வரும்போதே குருவம்மாள் வந்துவிட்டாள். மொபெட்டின் ஒரு பக்கம் பால் கேன், இன்னொரு பக்கம் ஒரு பை. தன் வீட்டுச் சட்டி, தம்ளர், தேயிலை, சர்க்கரை, தோட்டத்துத் துளசி, பாட்டிலில் தண்ணீர் என்று எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்குள் நிற்காமல் நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள். மூன்று செங்கலை வைத்து, கொண்டுவந்த சுள்ளியைப் பற்ற வைத்தாள். குருவம்மாள் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆலியா பக்கத்தில் உட்கார்ந்தாள். பர்சானா இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.

"பாயம்மா, அங்கிட்டுப் போங்க! காத்து உங்க பக்கமிருந்து வருது."

பர்சானா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னும் அங்கிட்டு. அந்தச் செவுத்தோரமா."

தன் வீட்டு மாடியில், தன் மருமகள் ஒரு கிளாஸ் தேநீர் குடிப்பதைச் சுவரோரமாக நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. கிட்டப் போய் நெற்றியைத் தடவிக் கொடுக்க முடியாது. ஊதல் காற்று காதுக்குள் புகுந்தது.

ஆலியா ஒரு மடக்கு குடித்தாள். இரண்டு. மூன்று. பர்சானாவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. நான்காவது மடக்கில் ஆலியா நிறுத்தியபோது பர்சானாவின் மூச்சும் நின்றது. அந்தப் பெண் தம்ளரை இரண்டு கையாலும் பொத்தி முகத்தருகே வைத்து, ஆவியை மெல்ல இழுத்தாள். பிறகு மீதியையும் குடித்தாள்.

கீழே தெருவில் ஒரு ஜீப்பு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுப் போனது. ஆலியா எழுந்து ஓடவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"சட்டி நெறையா இருக்கு தாயி. குடி."

"மாமிக்கும் குடுங்க. மூணு நாளா என்னால அவங்களும் பட்டினி."

குருவம்மாள் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள். பர்சானா வாங்கி ஒரு வாய் குடித்தாள். சூடு தெரிந்தது. இனிப்பு தெரிந்தது. மற்றபடி வாயில் ஒன்றுமே இல்லை. வெறும் வெந்நீர்.

"எப்பிடி இருக்கு பாயம்மா?"

தூரத்தில் ஆலியா இரண்டாவது தம்ளரை உயர்த்தி, இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னாள் பர்சானா. அந்த வெந்நீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.