யார் எதிராளி?

மின்தா மீன் சந்தையில் டோ த்வேயிடம் விலை குறைத்துக் கேட்கும் தைரியம் ஊரில் பாதிப் பேருக்குக் கிடையாது. கேட்டவர்கள் மீனும் இல்லாமல் மானமும் இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாய்க்காரியை ஒரு பிடி தேயிலையில் மடக்கிவிடலாம் என்று பெருந்தளபதி நினைத்தார். பர்மா முழுவதையும் மடக்கி வைத்திருந்தவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அரிசி விலையைக் கண்டித்து மாணவர்கள் படகுத்துறைக்கு ஊர்வலம் போன அன்று டோ த்வேயின் ஒரே மகன் லின் ஸா செத்துப்போனான். முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. உடலைக் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்தத் துளையின் விளிம்பு அவள் விரலில் பட்டது. சர்க்கார் வேறு மாதிரி சொன்னது. துறையின் உளுத்துப்போன கைப்பிடி முறிந்து, பையன் ஐராவதி ஆற்றில் விழுந்து மூழ்கிவிட்டானாம். அவள் கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டும் அதையே திருப்பிச் சொன்னது. கைப்பிடியைக் கவனிக்காத குற்றத்துக்காகப் படகுத்துறை அதிகாரி ஊ கெட் அபராதம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சுட்டவன் என்று ஒருவன் இந்த உலகத்திலேயே இல்லை.

அதோடு மூடப்பட்டிருக்க வேண்டிய வழக்கு லப்பேயில் வந்து நின்றது. ஊறவைத்த தேயிலையில் எண்ணெயும் வறுத்த பூண்டும் எள்ளும் சேர்த்துத் தின்பதைத்தான் லப்பே என்கிறோம். மன்னர் காலத்தில் தீர்ப்புச் சொன்னதும் வழக்காடிய இருவரும் ஒரே பெட்டியிலிருந்து லப்பே எடுத்துத் தின்பார்கள். தின்றால் தீர்ப்பை ஏற்றதாக அர்த்தம். அப்புறம் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தின்னாதவரை வழக்கு உயிரோடு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் வழக்கொழிந்துபோன இந்தச் சடங்கைத் தேடிப் பிடித்து மறுபடி சட்டமாக்கியவர் பெருந்தளபதியேதான். பழைய ராஜாக்கள் மீது அவருக்குத் தீராத மோகம். கண்ணாடி முன்னால் நின்று தலையில் கிரீடம் வைத்துப் பார்க்காத குறைதான். ‘இரு தரப்பும் லப்பே தின்னாமல் எந்தத் தீர்ப்பும் செல்லாது’ என்று வானொலியில் அவரே அறிவித்தார்.

பின்னால் சிப்பாய் நிற்கும்போது யார் தின்னாமல் இருப்பார்கள்? நிலத்தைப் பறிகொடுத்தவனும் தின்றான், பெண்ணைப் பறிகொடுத்தவனும் தின்றான். டோ த்வே மட்டும் தின்னவில்லை. முதலில் வயிற்றுவலி என்றாள். அடுத்த தடவை பல்வலி என்றாள். அதற்கும் அடுத்த தடவை, “எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது, நீங்களே தின்னுங்க” என்று சொல்லிவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். இந்தச் செய்தி எப்படியோ வெளிநாட்டு வானொலிக்குப் போய், அது அங்கிருந்து பெருந்தளபதியின் காதுக்கே திரும்பி வந்தது.

பகோடாவின் உச்சியில் பொற்குடை ஏற்ற அவர் மின்தாவுக்கு வந்த அன்று காலையில் அவளைப் பயணியர் மாளிகைக்குக் கூட்டி வரச் சொன்னார். சந்தையிலிருந்து அப்படியே போனாள். லுங்கியில் செதில் ஒட்டியிருந்தது. அவர் மீன் குழம்பு ஊற்றிய மொய்ங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உக்காரு தங்கச்சி.”

“எனக்கு ஒரு தம்பிதான் இருக்கான். அண்ணன் கிடையாது. நின்னுக்கிறேன்.”

அவர் கோபப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“பேசு, பேசு. என்னைச் சுத்தி இருக்கிறவங்க எல்லாம் தலையாட்டிப் பசங்க. இன்னிக்கு மழை வரும்னு சொன்னா, வெயில்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

“நீங்க ஆக்கி வச்சதுதானே?”

“நான் ஆக்கலம்மா. அவங்க அப்படியேதான் இருந்தாங்க, நான் கண்டுபிடிச்சேன். ஜனங்களுக்கு சுதந்திரம் வேணும்னு உன் பையன் கத்தினானே, சுத்தப் பொய். மனுஷனுக்கு வேண்டியது நிம்மதியான தூக்கம், காலையில எழுந்து திட்டுறதுக்கு ஒரு ஆளு. ரெண்டையும் நான் குடுக்கறேன். என்னைத் திட்டிக்கிட்டே நல்லாத் தூங்குறாங்க.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் டோ த்வேக்கு எரிச்சலாக இருந்தது. மகன் செத்த மறுநாளே சிப்பாய்களுக்கு நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுத்துப் பல்லிளித்தவர்களை அவள் அதே சந்தையில் பார்த்திருக்கிறாள்.

“அதிகாரம்னா துப்பாக்கின்னு நினைக்கிறாங்க முட்டாப் பசங்க. துப்பாக்கி தூக்கினவனுக்குக் கை வலிக்கும். இங்க பாரு” என்று சொல்லிவிட்டு பெருந்தளபதி லேசாக இருமினார். கதவு படாரென்று திறந்தது. ஓர் அதிகாரி தண்ணீர்த் தம்ளரோடு ஓடி வந்தார். “இதுதான் அதிகாரம்.”

“நான் மீன் தலையை வெட்டினாக்கூட பூனைங்க இப்படித்தான் ஓடி வரும். அதுக்காக என்னை யாரும் மகாராணின்னு கூப்பிடல.”

பெருந்தளபதியின் சிரிப்பு கண்ணிலிருந்து இறங்கி உதட்டில் மட்டும் தங்கியது. அவர் கையைக் காட்ட, பக்கத்து அறையிலிருந்து அவள் தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

ஞோ மவுன் அதே ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன். லின் ஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவனும் அவன்தான். ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது கன்னம் ஒட்டி, விலங்கு மாட்டிய மணிக்கட்டுகள் புண்ணாகி நின்றான். அக்காவைக் கண்டதும் அவன் உதடு கோணியது.

“அக்கா… சாப்பிட்டுரு அக்கா. ஒரு வாய்தானே. என்னால இனிமே முடியல.”

டோ த்வே தோள் துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள். மீன் வாடையை அவன் மூச்சு முட்ட இழுத்தான்.

“பாத்தியா? ஊர்வலத்துல முன்னால நின்ன சிங்கம்” என்றார் பெருந்தளபதி. “ஒவ்வொருத்தனுக்கும் ஒரு இடம் இருக்கு, அங்க அமுக்கினா மடங்கிடுவான். அது எங்கேன்னு தெரிஞ்சவன் ஆளுவான். உன் இடம் இவன். லப்பே தின்னா, இவன் இன்னிக்கே உன்கூட வீட்டுக்கு வருவான். தின்னலேன்னா, நான் உயிரோட இருக்கிறவரைக்கும் வெளிச்சம் பாக்க மாட்டான்.”

“பசியில இருக்கிறவன் சோறு கேட்டான். அதைப் போய் உங்க வெற்றின்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல?”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு அதற்குள் தோற்றுவிட்டது. பகோடா மண்டபத்துக்கு நடத்திக்கொண்டு போகும்போது, தின்றுவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவனுடைய மணிக்கட்டையாவது ஆற்றலாம். லின் ஸா கோபித்துக்கொள்ள மாட்டான். மாமன் என்றால் அவனுக்கு உயிர். இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அழாமல் நடந்தாள்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. மேடையில் பெரிய பிக்குவும் மற்ற பிக்குகளும், கீழே ஊர்ப் பெரியவர்கள், சந்தைப் பெண்கள், ஒலிபெருக்கி, ரங்கூனிலிருந்து வந்த கேமராக்காரர்கள். ஒரு தூண் ஓரத்தில் சிப்பாய்களுக்கு நடுவே ஞோ மவுன். நடுவில் லப்பே வைத்த அரக்குப் பெட்டி. ஒரு பக்கம் டோ த்வே, எதிர்ப்பக்கம் எதிராளியாக ஊ கெட். பாவம், அந்த மனிதர் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி ஊ பான் ஜீ தீர்ப்பை ஒலிபெருக்கியில் படிக்கத் தொடங்கினார். டோ த்வே கையை நீட்டினாள். விரல் தேயிலையில் பட்டபோது, நீதிபதியின் குரல், “கள் குடித்த மயக்கத்தில் நிலை தடுமாறி” என்றது.

அவள் கை நின்றது. இந்த வரி புதிது. பழைய தீர்ப்பில் கைப்பிடி மட்டுமே உளுத்திருந்தது. இப்போது பிள்ளையையும் உளுக்க வைத்துவிட்டார்கள். லின் ஸாவுக்குக் கள் நாற்றமே குமட்டும். அப்பன் குடித்தே அழிந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எடுத்துக்கம்மா” என்றார் நீதிபதி தணிந்த குரலில்.

“மாட்டேன்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தூண் ஓரத்திலிருந்து, “அக்கா!” என்று ஒரு குரல் உடைந்தது. டோ த்வே அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

பெருந்தளபதி நாற்காலியிலிருந்து எழுந்தார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி நேரங்களில்தான் தலைவன் யார் என்று தெரியும் என்பது அவருடைய எண்ணம். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

“ஜனங்க பயப்படுவாங்க, தயங்குவாங்க. அது மனுஷ சுபாவம். தலைவன் என்ன பண்ணணும்? முன்னால போகணும். ஆத்துல அவன் முதல்ல இறங்கினா பட்டாளமே பின்னால இறங்கும். அவன் வாயில முதல்ல விழுந்தா எல்லார் வாயிலயும் விழும். இந்தம்மாவோட துக்கத்தை நானும் பங்கு போட்டுக்கறேன். பாருங்க.”

“ஐயா, வேண்டாங்க, நீங்க அதை…” என்று நீதிபதி பதறி எழுந்தார். ஒரு சிப்பாய் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தான். பெருந்தளபதி ஊ கெட்டை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவருடைய பாயில் தானே உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து தாராளமாக ஒரு பிடி அள்ளி, கேமராவைப் பார்த்தபடியே வாயில் போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் வயசானவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். டோ த்வேக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீதிபதி ஐயா, ஒரு சந்தேகம்” என்றாள். மீன் கூவி விற்ற குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு? “லப்பேயை யார் யார் திங்கலாம்?”

பதில் மேடையிலிருந்து வந்தது. “வழக்காடின ரெண்டு பேர் மட்டும்தான், தாயே” என்றார் பெரிய பிக்கு. “தீர்ப்புச் சொல்றவர் தொடக் கூடாது. ராஜாவே ஆனாலும் தொடக் கூடாது.”

“அப்ப இவர் யாரு சாமி?”

பெரிய பிக்கு கண்ணை மூடிக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

பெருந்தளபதியின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டார். துப்பினால், அவர் போட்ட சட்டப்படி தீர்ப்பை அவரே நிராகரித்ததாக ஆகும். விழுங்கினால், வழக்காடியவர் அவர்தான் என்று ஆகும். இவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு மனிதர் வாயில் உணவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பதை டோ த்வே ஆசை தீரப் பார்த்தாள்.

“என் பிள்ளை ஆத்துல விழுந்து செத்தான்னா, எனக்கு எதிராளி ஆறு. ஐராவதிக்கு லப்பே ஊட்டுங்கன்னுதான் சொல்லலாம்னு இருந்தேன். கைப்பிடி உளுத்துச் செத்தான்னா, எதிராளி இந்த ஊ கெட். அவரை எழுப்பிவிட்டுட்டு அந்தப் பாயில வந்து உக்காந்தது நீங்க. அள்ளித் தின்னதும் நீங்க. யார் சுட்டது, யார் சுட்டதுன்னு கோர்ட் கோர்ட்டா அலைஞ்சேன். ஒருத்தன் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றி.”

அவர் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது முன்வரிசைக்கு நன்றாகவே தெரிந்தது.

“இப்ப நீ தின்னு” என்றார். குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. “உன் தம்பியை நினைச்சுக்கிட்டுத் தின்னு.”

அப்போது அவள் தூணைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தம்பி விலங்கோடு நின்றான். அவன் வாழ்க்கை மொத்தமும் அவளுடைய விரல் நுனியில் இருந்தது. ‘என்னை மன்னிச்சிருடா’ என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

ஞோ மவுன் அவளைப் பார்க்கவில்லை. பெருந்தளபதியின் உதட்டோரம் ஒட்டியிருந்த எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிறைக்குப் போனதிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்து, இருமல் வரும்வரை சிரித்தான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவன் இடுப்பில் இடித்தான். மடங்கி முட்டி போட்டபடியே அவன் கத்தினான்:

“அக்கா! மூடியைப் போட்டு மூடு!”

டோ த்வே அரக்குப் பெட்டியின் மூடியை எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள்.