காகித வான்கோழி

மூன்றாவது முறை சுட்டுவிட்டு சேனாபதி துப்பாக்கியை இறக்கி வைத்தார். தோளைத் தேய்த்துக்கொண்டார். "போயிப் பாரு கதிரு. இந்தத் தோட்டாவும் தேறலைன்னா அடுத்த வாரம் வேட்டைக்கே போக வேண்டாம். கூட வர்ற டெக்ஸஸ்காரனுங்க முன்னாடி மானம் போயிரும்."

நாற்பது கஜம் தள்ளி, மரச்சட்டத்தில் ஒட்டிய காகிதத்தில் வான்கோழியின் தலையும் கழுத்தும் வரையப்பட்டிருந்தன. துப்பாக்கி முனையில் திருகிப் பொருத்தும் சோக் என்ற குழல் குறுகலாக இருந்தால் ரவைகள் கூட்டமாகப் போகும். ஆனால் எந்தத் தோட்டாவுக்கு எந்த சோக் ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கதிருக்கு இது பழகிய வேலை. டெக்ஸஸின் ரவுண்ட் ராக் ஊரில் சேனாபதியின் கம்பெனியில் அவன் சாஃப்ட்வேர் சோதிப்பவன். குறை கண்டால் சொல்வான், ஆனால் அவர் முகம் பார்த்துச் சொல்வான். அவனுடைய கிரீன் கார்டுக்கு மனுப் போட வேண்டியவர் அவர். அந்த முகம் வாடாமல் பார்த்துக்கொள்வான்.

ரவைகள் காகிதமெங்கும் சிதறியிருந்தன. தலையிலும் கழுத்திலும் பேருக்கு இரண்டு மூன்று. கதிர் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பேனாவை எடுத்துக் கழுத்தில் தாறுமாறாகக் குத்தி ஓட்டைகள் போட்டான். வெறும் காகிதம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"சூப்பருங்கண்ணா! கழுத்துல சல்லடையாட்டம் எறங்கியிருக்குதுங்க."

சேனாபதி அவன் கொண்டுவந்த காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்துச் சிறுபிள்ளை போலச் சிரித்தார். சோக்கை அதற்குப் பிறகு அவர் மாற்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை வேட்டைக்கு அவனையும் கூட்டிப்போனார். சீடார் புதர்களுக்கு நடுவிலிருந்து ஒரு வான்கோழிச் சேவல் தோகையை விரித்துக்கொண்டு வந்தது. அதே நாற்பது கஜம். சேனாபதி சுட்டார். பறவை விழுந்தது, எழுந்தது, ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி புதருக்குள் ஓடி மறைந்தது.

கூட வந்த டெக்ஸஸ்காரர்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்கள். சேனாபதி போகவில்லை. புதர் புதராகக் குனிந்து பார்த்தார்.

"துப்பாக்கி மேல தப்பில்ல. நீதான் பாத்துச் சொன்னியே. என்ற கைதான் ஆடிப்போச்சு. பாவம், வாயில்லா சீவன், எங்க கெடந்து துடிக்குதோ."

கதிர் வாயைத் திறந்தான். பேனாவால் குத்தியதை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

"ஆமா, சொல்ல மறந்துட்டேன்," என்றார் அவர், திரும்பாமலே. "திங்கக்கெழம லாயர்கிட்ட உன்ற கிரீன் கார்டு பேப்பரக் குடுத்தர்றேன். நீ பாத்துச் சொன்னா நான் மறுக்காப் பாக்கறதே இல்ல. அப்பிடி ஒரு ஆளு வேணுமல்லோ."

"தேங்க்ஸுங்கண்ணா," என்றான் கதிர். சொல்லி முடித்ததும் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பலாம் போல அவமானமாக இருந்தது.

சேனாபதி முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, அடுத்த புதரின் அடியில் தலையை நுழைத்தார். முள் கிழித்த அவருடைய சட்டை முதுகில் மட்டும் வெயில் விழுந்துகொண்டிருந்தது.