மூலை வீட்டு வழி

மெல்ரோய் அளவு நாடாவின் ஒரு முனையை ஸ்டோர்ஸ் மதிலில் வைத்து அழுத்தினான். மறுமுனையை ரொஷேல் மூலை வீட்டுச் சுவரில் பிடித்தாள். அவன் குனிந்து பார்த்தான். நாடாவைக் கொஞ்சம் சரித்து மறுபடியும் பார்த்தான்.

"அளந்தா சந்து அகலுமா தம்பி?" என்று பைப்படியில் இருந்து ஒரு பெண் கேட்டாள்.

"சீ.ஐ.டி. மிஸ்ஸுக்கு ஒடுக்கமான வழி பழக்கம்தானே," என்றாள் வாளியைத் தூக்கிய இன்னொருத்தி. "மேல போனதும் வாசல்ல யார் யார் நிக்கிறாங்கண்டு ரிப்போட் குடுத்திட்டுத்தான் உள்ளுக்குப் போவா."

சிரிப்பு எழுந்து அடங்கியது. ரொஷேல் நாடாவை விட்டுவிட்டாள். அது சுருண்டு தம்பியின் கைக்குள் ஓடியது.

"காணும் மெல்ரோய். அம்மாட பெட்டி திரும்பாது. அப்பாட பெட்டியும் இதில திரும்பேல்ல."

"அப்பாட பெட்டி இதுக்குள்ளால போனது," என்று அவன் மூலை வீட்டுக் கதவைக் காட்டினான். கதவு பூட்டியிருந்தது.

கொழும்புக் கொட்டாஞ்சேனையின் அந்தத் தோட்டம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் துறைமுகத் தொழிலாளருக்கென்று ஒரு வியாபாரி கட்டிய லைன் குடியிருப்பு. தொழிலாளர்கள் குடிவருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; அவர்கள் சாவார்கள் என்பது தோன்றவில்லை. வீடுகளின் நடுவே நேராக வரும் சந்து மூலை வீட்டின் கதவில் வந்து முட்டும். அங்கிருந்து செங்குத்தாகத் திரும்பி, அந்த வீட்டுச் சுவருக்கும் ஸ்டோர்ஸ் மதிலுக்கும் நடுவே நெருங்கிப் போய் வீதியில் விடும். வெறும் சவப்பெட்டியை நிமிர்த்தித் தூக்கினால் அந்தத் திருப்பத்தைக் கடந்துவிடும். ஆள் கிடக்கும் பெட்டியை நிமிர்த்த யாருக்கும் மனம் வந்ததில்லை. முதல் சாவிலேயே வழி கண்டுபிடித்தார்கள். மூலை வீட்டின் முன்கதவால் பெட்டி உள்ளே போகும், அறைக்குள் திரும்பும், பக்கக் கதவால் வீதிப் பக்கம் வெளியேறும். உள்ளே எதிரெதிரே போட்ட இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு நிமிடம் இளைப்பாறும். அந்த வீட்டுப் பெண் ஒரு விளக்கு ஏற்றுவாள். வேதக்காரர், சைவக்காரர் என்ற கணக்கு அதில் இல்லை. மரண சகாய சங்கம்கூட அந்த வழியை ஒழுங்குபடுத்தத்தான் தொடங்கியது என்பார்கள். 'பெட்டி நின்று வரும், படுத்துப் போகும்' என்பது தோட்டத்துப் பேச்சு.

இப்போது மூலை வீட்டில் இருப்பவள் பத்மாவதி. அவளுடைய மகன் பிரியந்தன் றிமாண்டில் இருக்கிறான். பைப்படி மீற்றர் பெட்டிக்குள் அவன் போதைத் தூள் பக்கற்றுகளை வைத்ததைக் கண்டதாகப் பொலிஸில் போய்ச் சொன்னவள் ரொஷேலின் தாய் ஐறீன். இரகசியமாகச் சொல்லவும் இல்லை. போன வழியால் திரும்பி வந்து, "ஓம், நான்தான் சொன்னனான். சின்னப் பிள்ளையள் தண்ணி அள்ளுற இடம்," என்று பைப்படியில் நின்று எல்லாருக்கும் அறிவித்தாள். அன்றோடு ஐறீன் வீட்டுடன் தோட்டம் பேசுவதை நிறுத்தியது. வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் வேலை முடிந்து வரும் ரொஷேல், பின்னேரங்களில் முதுகுகளைக் கடந்துதான் வீட்டுக்குப் போனாள்.

ஐறீன் நேற்று விடியப்புறம் கட்டிலிலேயே இறந்துபோனாள். கொஞ்ச நாளாய் நெஞ்சு வருத்தம். செபமாலைக்கு யாரும் வரவில்லை. சங்கத்து இளைஞர்கள் வீதியிலிருந்து வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு வந்து, மூலை வீட்டோடு நிறுத்திவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனார்கள்.

சங்கத் தலைவர் ஒஸ்வால்ட் மூலை வீட்டுக்குப் பேசப் போயிருந்தார். பக்கக் கதவுப் பக்கமாக வெளியே வந்தவர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"நீ போய்க் கேளு மகள். செத்த வீட்டாக்கள்தான் கேக்க வேணுமாம். அதுவும் முறைதான்."

"திறப்பாவா அங்கிள்?"

"கேளு."

ரொஷேல் முன்கதவைத் தட்டினாள். சங்கிலி நீளும் அளவுக்குக் கதவு திறந்தது. பத்மாவதியின் முகத்தில் பாதி தெரிந்தது.

"பத்மா அன்ரி."

"அன்ரியா? இம்புட்டு நாளா இந்தப் பக்கம் அந்தச் சத்தத்தைக் காணோமே."

"பின்னேரம் அம்மாவ எடுக்கிறம். வழி விடோணும்."

"சந்து இருக்குல்ல. பொதுச் சந்து. யாரு மறிச்சா?"

"அன்ரி, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். உங்கம்மா எம் புள்ளைய உள்ள வச்சா. நான் உங்கம்மாவ வெளிய விடணும். அதானே?"

பைப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரோ குழாயை மூடியிருந்தார்கள், கேட்பதற்காக.

"அது வேற கதை அன்ரி. இது பிரேதம்."

"எனக்கு வேற கதை கிடையாது. வெலிக்கடை ஜெயிலுக்குச் சோத்துப் பொட்டலத்தோட போய் வெயில்ல நிக்கிறவளுக்கு ஒரே கதைதான்." பத்மாவதி சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னு செய். இந்த வாசல்ல நின்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. எங்கம்மா பொய் சொன்னா, பிரியந்தன் மேல பழி போட்டா அப்படின்னு. ரெண்டு கதவையும் தொறந்து விடுறேன். விளக்கும் ஏத்துறேன்."

"சொல்லிவிடு மகள்," என்றது பைப்படியிலிருந்து ஒரு குரல். அதில் கேலி இல்லை. "ஆள் போயிட்டா. அவவுக்கு இனி என்ன?"

ரொஷேல் கதவுச் சட்டத்தில் வைத்த கையை எடுத்தாள். ஒரு வசனம். சொன்னால் அம்மா படுத்தபடி போவாள். சொன்னால் அம்மா பொய்க்காரியாகவும் போவாள். அடுத்த வழக்குத் தவணையில் அதையே ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று சொல்வார். படுக்கையில் கிடந்தபோதும் ஐறீன் அந்தப் பேச்சை விடவில்லை. 'காணாட்டிச் சொல்லியிருக்க மாட்டன்.'

"அம்மா கண்டதத்தான் சொன்னவ," என்றாள் ரொஷேல்.

"அப்போ நிமித்திக் கொண்டு போ. நடந்தே போகட்டும். பொலிஸுக்கு நடந்துதானே போனா."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

வீட்டில் மெல்ரோய் கோடிப்புறத்தில் இருந்து இரும்பு அலவாங்கை எடுத்து வந்திருந்தான்.

"உடைச்சுக்கொண்டு போவம். என்ன செய்வா?"

"வை அதை. செத்த வீட்டுக்கு இன்னொரு பொலிஸ் வேண்டாம்."

"அப்ப பெட்டி தந்த மலர்ச்சாலைக்காரர் கொண்டுவந்த கன்வஸ் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கொண்டு போய் ரோட்டில பெட்டிக்குள்ள வைப்பம். அது வளையும்தானே."

"ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரியா?" என்றார் ஒஸ்வால்ட். "மந்திரிச்சு மூடின பெட்டியில வீட்டில இருந்து வெளிக்கிட வேணும். அது இல்லாமல் எந்தத் தோட்டத்திலயும் போகேல்ல." அவர் ரொஷேலைப் பார்க்காமல் சொன்னார்: "நிமித்திறதெண்டா காலடியில ஏதும் வைக்க வேணும். இல்லாட்டி ஆள் கீழ வழுகும்."

ரொஷேல் அலுமாரியைத் திறந்தாள். அம்மாவின் சாரிகள் நாப்தலின் மணத்தோடு அடுக்கியிருந்தன. மாதா கோவிலுக்குக் கட்டும் வெள்ளைச் சாரியை ஐறீன் உடுத்திருந்தாள். மற்றவற்றை ஒவ்வொன்றாக இறுக்கிச் சுருட்டினாள் ரொஷேல். பெட்டியின் கால்மாட்டில், சப்பாத்து அணிந்த பாதங்களுக்குக் கீழே, அவற்றைத் திணித்தாள். இரு பக்கமும் இடைவெளி இருந்தது. தலையணை உறைகளை மடித்து இடுப்போடு செருகினாள். தன் கை அம்மாவின் விலாவில் பட்டபோது, உடல் இறுகியிருப்பதை உணர்ந்து, கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு இன்னொரு சாரியைச் சுருட்டினாள்.

"அது கூறைச் சாரி அக்கா," என்றான் மெல்ரோய்.

"தெரியும்."

சங்கத்து ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். கடமைக்கு வந்திருக்கிறோம் என்பது தெரியட்டும் என்பதுபோல் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்கள். சுவாமியார் செபம் சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டுக் அவர்களுக்கு முன்னே கோவிலுக்குப் போனார். பெட்டி மூடப்பட்டது. அழுவதற்கு ரொஷேலையும் மெல்ரோயையும் தவிர ஆளில்லை. அவர்கள் அழவில்லை.

சந்தில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருந்தன. ஆட்கள் நிலைகளில் சாய்ந்து நின்றார்கள். ஒரு வீட்டில் ரி.வி. ஓடியது, பெட்டி கடக்கும்போது யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள், கடந்ததும் கூட்டினார்கள். ஒஸ்வால்ட் தனியாகச் செபமாலை சொல்லிக்கொண்டு முன்னே நடந்தார். அவர் பாதி மன்றாட்டைச் சொல்ல, மறுபாதியை ரொஷேல் சொன்னாள்.

மூலை வீட்டின் முன்னால் பெட்டி நின்றது. கதவு பூட்டியே இருந்தது. தோளில் சுமந்தவர்கள் கால் மாற்றினார்கள்.

அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. பாரமான ஒன்று சீமெந்துத் தரையில் உரசி இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது.

"பாருங்கவன்," என்றான் மெல்ரோய். "இரும்பு அலுமாரிய இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுக்கிறா. நாங்கள் உடைச்சுக்கொண்டு வருவமெண்டு."

"அலவாங்கோட நிண்டதக் கண்டிருப்பா," என்றான் சுமந்தவர்களில் ஒருவன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் ஒஸ்வால்ட்.

பொறுத்தார்கள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பின்பு அந்த இழுவைச் சத்தம் மீண்டும். வீதியில் பிரேத வாகனத்தின் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டுச் சிங்களத்தில் கத்தினான்.

"நோனா, பரக்கு வெனவா!"

நேரமாகிறதுதான். பாதைக்குக் குறுக்கே வாகனத்தை நிறுத்தியிருந்தான். ரொஷேல் மூடிய கதவைப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுடைய பல்லில் கூசியது. அம்மா வரும் வழியில் ஒருத்தி இரும்பை அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள்.

"பொறுத்தது காணும்," என்றாள். "நிமித்துங்க."

"மகள், இன்னும் ஒரு நிமிஷம்..."

"நிமித்துங்க அங்கிள். அம்மா நடந்தே போவா."

அவள் அதைக் கதவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பெட்டியைத் தரையில் இறக்கினார்கள். தலைமாட்டில் இரண்டு பேர் தூக்க, கால்மாட்டை மெல்ரோய் தாங்கினான். பெட்டி எழுந்து நின்றது. உள்ளே ஏதோ நகர்ந்து, மெத்தென்று இடித்து, அடங்கியது. ஒஸ்வால்டின் செபம் நடுவில் நின்றுபோனது. பைப்படிப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, சைவக்காரி, யோசிக்காமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நின்ற வாக்கில் ஐறீனைச் சந்தின் திருப்பத்தில் திருப்பினார்கள். பெட்டியின் ஒரு முனை மூலை வீட்டுச் சுவரில் உரசியது. நீலச் சுண்ணாம்பு பொருக்காக உதிர்ந்தது. திருப்பம் கடந்ததும் பெட்டி மறுபடியும் படுத்தது. வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே வீதிக்குப் போனது.

கோவிலிலும் மாதம்பிட்டி மயானத்திலும் வேலை சுருக்காக முடிந்தது. சங்கத்து ஆட்கள் அங்கிருந்தே கலைந்தார்கள். ஒஸ்வால்ட் ரொஷேலின் தலையில் கை வைத்தார். "சாப்பிடு," என்றார். மெல்ரோய் வாகனக்காரனோடு பேச வீதியில் நிற்க, பொழுது சாயும் நேரத்தில் ரொஷேல் தனியாகச் சந்துக்குள் வந்தாள்.

மூலை வீட்டின் பக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் முன்கதவும் திறந்திருந்தது. ஒரு கதவால் நுழைந்த காற்று மறுகதவால் போனது. அறையின் நடுவே எதுவும் இல்லை. கட்டில் நிமிர்த்திச் சுவரோடு சாத்தியிருந்தது. மெத்தையின் மேல் ரி.வி. கிடந்தது. பிறிஜ் குசினி வாசலை அடைத்தபடி நின்றது. இரும்பு அலுமாரி பின்சுவரோடு ஒட்டியிருந்தது. அதன் கால் கிழித்த வெள்ளைக் கோடு சீமெந்தில் தெளிவாகத் தெரிந்தது. முன்கதவடியில் தொடங்கிப் பின்சுவர் வரைக்கும் போயிருந்தது.

நடுவில் இரண்டு ஸ்டூல்கள் எதிரெதிரே நின்றன. மேலே ஸ்திரி போட்ட வெள்ளைத் துணி. பக்கத்தில் ஒரு விளக்கு, எண்ணெய் நிறைந்து, திரி நனைந்து, ஏற்றப்படாமல்.

பத்மாவதி அலுமாரியில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. ஆள் நிற்பது தெரிந்து திரும்பினாள். அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன பாக்கிற?"

ரொஷேல் சீமெந்தில் கிழிந்த கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"இழுக்க ஆளா இருக்கு வீட்டுல? ஒத்தப் பொம்பள. நேரமாகாதா?"

ரொஷேலின் ஒரு கால் படியின் மேல் ஏறியது. பத்மாவதி வேகமாக வந்து ஒரு ஸ்டூலின் துணியை உருவினாள், மற்றதையும் உருவினாள். ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்டூல்களைக் கவிழ்த்தாள்.

"இனி என்னத்துக்கு? போ."

கதவு சாத்தப்பட்டது. ரொஷேல் சுவர் மூலையைச் சுற்றி நடந்தாள். செருப்பின் கீழே நீலச் சுண்ணாம்பு நொறுங்கியது. தன் வீட்டுக்குள் போய் விளக்கைப் போடாமல் நின்றாள். அம்மாவின் அலுமாரி திறந்தபடியே இருந்தது. சாரித் தட்டு காலியாக இருந்தது. அடுப்பில் கேத்திலை வைத்தாள். நெருப்புப் பெட்டியை எடுத்தாள்.

சந்தின் கோடியில் அந்தச் சத்தம் மறுபடியும் தொடங்கியது. இரும்பு சீமெந்தில் உரசிற்று. நின்றது. நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இன்னும் ஒரு முழத் தூரம் உரசிற்று. ரொஷேல் குச்சியைக் கொளுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த இழுவைக்காக நின்றாள்.