கையில் கொடுத்த கத்தி

குமாரபாளையத்தில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் சென்னிமலைக்கு மடக்குக் கத்தி என்றால் உயிர். குடி, சீட்டு ஒன்றும் கிடையாது; மனிதனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டாமா? அவரிடம் இருந்ததிலேயே உசத்தி, கடல் கடந்து வந்த ஒன்று. முத்துச்சிப்பி பதித்த பிடி, முகம் பார்க்கலாம் அதன் அலகில். ஞாயிறுதோறும் எண்ணெய் தொட்டுத் துடைப்பார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார், எதையும் அறுக்க மாட்டார். நாய் பெற்ற தெங்கம்பழம்தான்.

“மூணு தலைமுறைக்கு அசையாது புள்ள” என்பார் மனைவியிடம்.

“ஒரு வெங்காயம் அரியாத கத்தி மூணு தலைமுறை இருந்து என்னத்துக்குங்க?” என்று அங்கம்மாள் வாயடிப்பாள்.

அதெல்லாம் முன்பு. கர்ப்பப்பையை எடுத்த ஆப்பரேஷனுக்குப் பிறகு அவளுக்கு நாக்கில் ருசியும் போயிற்று, பேச்சும் போயிற்று. வைத்ததைக் கொறிப்பாள், கேட்டால் தலையாட்டுவாள். சண்டையில்லாத வீடு இவ்வளவு பயமாக இருக்கும் என்று சென்னிமலைக்கு அதுவரை தெரியாது.

காற்றாடட்டும் என்று ஒரு மத்தியானம் ஜேடர்பாளையத்துக்கு அழைத்துப் போனார். தடுப்பணையில் வழியும் தண்ணீரின் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. எது ஆறு, எது வானம் என்று பிரியாத வெயில். மாமரத்தடியில் இருவரும் கண் சொருக உட்கார்ந்திருந்தார்கள். காற்று ஒரு மாங்காயை உதிர்த்தது. அங்கம்மாள் எடுத்து மோந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இதை அறுத்துக் குடுங்க.”

மாங்காய்ப் புளிப்பு பட்டால் அந்த எஃகு கறுத்துவிடும். பிறகு எந்த எண்ணெய்க்கும் பழைய பளபளப்பு வராது. அவர் கை ஒரு கணம் தயங்கியது, வெட்கக்கேடு. பிறகு கத்தியை விரித்தார். அலகு கொட்டைவரை சத்தமில்லாமல் இறங்கியது. சாறு பட்ட இடமெல்லாம் மெல்ல நீலம் பூத்தது. அவர் துடைக்கவில்லை.

அவள் ஒரு கீற்றைக் கடித்துக் கண்ணைச் சுருக்கினாள்.

“புளிக்குதுங்க” என்றாள், சிரித்துக்கொண்டே. “கத்தியை இப்படித் தாங்க. நீங்க அரியறது தண்டி தண்டியா இருக்குது.”

நீட்டினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“கையில குடுக்காதீங்க, சண்டை வந்துரும். கீழ வையுங்க.”

அவருக்குத் தெரியாதா? கத்தியைக் கைமாற்றினால் சண்டை என்பது அவர் பிறந்ததிலிருந்து கேட்டதுதான். சென்னிமலை அவளுடைய உள்ளங்கையை விரித்து, பிடியை அதில் வைத்து, விரல்களை மூடினார். அவர் கண் நிறைந்துவிட்டது.

“வந்தா வரட்டும் புள்ள” என்றார்.